செங்கோணம்னு எங்க போட்டிருக்கு?

அன்பு மகள் யும்னாவுக்கு வாப்பா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் கிருபையில நாங்க ரெண்டு பேரும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனா அது பாதிதான் உண்மை. உங்க உம்மா எதிர்ல இருக்கிற ஸ்கூலுக்குள்ள உக்காந்து கணக்குப் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கா, அவ சுகமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தோ பாயோ காப்பிக்கடையில உக்காந்திருக்கேன், நான் சுகமா இல்ல. இங்க சிங்கப்பூர்ல எப்பவும் போலப் புழுக்கம். அங்க டப்ளின்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும், உனக்குச் சளி விட்டுச்சா, லேப்புக்குப் போகும்போது காதை மூடிக்கிட்டுப் போறியா, எல்லாம் நிதானமாக் கேக்கணும்னு இருந்தேன், இப்ப நிதானத்துக்கு எங்க போறது. போன் அடிச்சா நீ தூக்கத்துல பதறி எழுந்து என்னையும் சேத்துப் பதற வைப்ப. சும்மா உக்காந்தா என் கால் தானா கேட் பக்கம் போகுது, அங்க இருக்கிற காவலாளி ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பாத்துட்டார். அதான் உங்க உம்மாவோட ஃபூல்ஸ்கேப் தாளைப் பையில இருந்து எடுத்து உனக்கு எழுத ஆரம்பிச்சுட்டேன். கைக்கடிகாரத்தையும் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன், பாக்கப் பாக்க முள்ளு நகரவே மாட்டேங்குது.

போன வருஷம் நடந்தது உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். பரீட்சை கஷ்டமா இருந்துச்சுன்னு மட்டும் உன்கிட்ட சொன்னா. நடந்தது என்னன்னா, இதே ரெண்டாவது பேப்பர் அன்னிக்கு பாதியில தலை சுத்துதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வெளிய வந்துட்டா. எனக்கு அன்னிக்குக் கடையில தீபாவளி சேல், சிராங்கூன் ரோட்டுல நிக்க இடமில்ல, சூட்கேஸ் வாங்க வந்த கூட்டம் கவுண்டரையே தள்ளிட்டுப் போற மாதிரி. இவ என்னை ஒரு வார்த்தை கூப்பிடாம புக்கிட் பாஞ்சாங் போய் எல்ஆர்டி ரயில்ல ஏறி, இறங்க வேண்டிய இடத்துல இறங்காம சுத்திச் சுத்தி வந்திருக்கா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன் பொரிச்சுக்கிட்டே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா, பரவாயில்லங்க, எனக்கு மண்டையில ஏறலன்னு. அந்தச் சிரிப்பு இருக்கே, அத மறுபடி பாக்க என்னால முடியாதும்மா. அவ ஃபெயில் ஆனா எனக்கு ஒரு குறையும் வந்துறாது, அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். அதனாலதான் இந்த வருஷம் சேல் நேரத்துலயும் நடேசன் முதலாளிகிட்ட லீவு கேட்டேன். மனுஷன் முனகிக்கிட்டே குடுத்தார், சரி போங்க பாய், ஆனா வரும்போது கையோட ரிசல்ட்டையும் வாங்கிட்டு வாங்கன்னார். ரிசல்ட் என்ன ரொட்டிப் பிராட்டாவா, ஆர்டர் பண்ணா உடனே தட்டுல வர்றதுக்கு. அது ஜனவரியிலதான் வரும்.

எதுக்கு இந்தப் பாடுன்னு உன் ஹஸீனா மாமி கேலாங்ல இருந்து வரும்போதெல்லாம் கேக்குறா. என் கூடப் பொறந்த அக்காதான், ஆனா வாய் கொஞ்சம் நீளம். அம்பது தாண்டிக் கணக்குப் படிச்சு எந்த பேங்குக்கு மேனேஜர் ஆகப் போறான்னு சோத்துத் தட்டுல கைய வச்சுக்கிட்டே கேட்டாளாம். உங்க உம்மா எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டு வந்து ஊத்தினாளாம். நான் இருந்தா விடுவேனா, அப்ப நான் தொழுகைக்குப் போயிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, இவ வேலை பாக்குற சைல்ட்கேர்ல பிள்ளைங்க எல்லாம் பரீதா டீச்சர் பரீதா டீச்சர்னு காலைக் கட்டிக்கும், ஆனா சட்டையில குத்தியிருக்கிற பேட்ஜ்ல உதவியாளர்னுதான் இருக்கு. நீ போனதுக்கு அப்புறம் ஒரு நாள் ஒரு பிள்ளையோட அம்மா வந்து இவகிட்டயே, உண்மையான டீச்சர் எங்கன்னு கேட்டிருக்காங்க. அவங்க கெட்ட எண்ணத்துல கேக்கல, ஆனா இவளுக்கு அது முள்ளு மாதிரி உள்ள நின்னுருச்சு. மத்த பாடமெல்லாம் கையில இருக்கு, பதினாறு வயசுப் பிள்ளைங்க எழுதுற இந்த ஓ லெவல் கணக்கு ஒன்னு வந்தா டிப்ளமா கோர்ஸுக்கு எழுதிப் போடலாம், முடிச்சா தனியா ஒரு கிளாஸ். அவ்வளவுதான் கதை. அவ்வளவுக்குத்தான் நான் இங்க பாலில்லாத தே ஓ டீயை மூணாவது கிளாஸ் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

இரு, யாரோ வெளிய வர்றாங்க.

ஒன்னுமில்லம்மா. தூரத்துல உங்க உம்மாவோடது மாதிரியே நீல முக்காடு தெரிஞ்சுச்சு, பேனாவைப் போட்டுட்டு ரோட்டைத் தாண்டி ஓடிட்டேன். பாத்தா கேண்டீன்ல வேலை பாக்குற மலாய் அம்மா, குப்பைப் பை கொண்டு போறாங்க. என் மூஞ்சியப் பாத்து அவங்களே பயந்துட்டாங்க. இங்க தே போடுற பையனும் உக்காருங்க அங்கிள், ரிலாக்ஸ் லான்னு சொல்றான். அவனுக்கென்ன, அவன் பொண்டாட்டியா உள்ள இருக்கா.

உன்கிட்ட ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்காத. நீ போன வருஷம் ராத்திரி பகலா உக்காந்து உம்மாவுக்குத் தயார் பண்ணி அனுப்பினியே அந்த பைல், பிங்க் தாள் அல்ஜீப்ரா, பச்சைத் தாள் ஜியோமெட்ரி, மஞ்சள் தாள் புள்ளிவிவரம்னு, அதை நான் கத்தரிக்கோல் எடுத்துத் துண்டு துண்டா வெட்டிட்டேன். அழகான பைல், சும்மா சொல்லக் கூடாது. வம்பே அதுலதான் இருந்துச்சு. பச்சைத் தாளை எடுத்தா உங்க உம்மா பச்சைக் கணக்கு எல்லாத்தையும் பிசகாமப் போட்டுருவா, மஞ்சள எடுத்தா மஞ்சளும் அப்படித்தான். எல்லாம் சரியா வருதுங்கன்னு எனக்கு நிமிர்ந்து காட்டுவா, நானும் நம்பினேன். இந்த வருஷம் லிட்டில் இந்தியாவுல மாடியில டியூஷன் நடத்துற ஸ்ரீநாத் சார்கிட்ட சேத்தோம். அவர் முதல் நாளே அதே கணக்குகள்ல தலைப்ப எல்லாம் மறைச்சு, கலந்து குடுத்தார். உங்க உம்மா முழிச்சா பாரு. அவர் சிரிக்கல, பொறுமையாச் சொன்னார், அக்கா உங்களுக்குக் கணக்கு நல்லாவே வருது, இது எந்தக் கணக்குன்னு கண்டுபிடிக்கத்தான் வரல, பரீட்சையில யாரும் கலர்த் தாள்ல கேள்வி தர மாட்டாங்கன்னு. வீட்டுக்கு வந்த உடனே நான் அந்த பைலை நகல் எடுத்து, எல்லாம் வெள்ளைத் தாள்ல, தலைப்பில்லாம வெட்டி, பெருநாள் பிஸ்கட் வச்சிருந்த சிவப்பு மூடி போத்தல்ல போட்டுக் குலுக்கிட்டேன். நகல் எடுத்தப்புறம் அசலையும் வெட்டிட்டேன், இல்லன்னா திருட்டுத்தனமா பச்சைத் தாளைப் புரட்டிக்கிட்டு இருப்பா.

அன்னியில இருந்து என் சட்டைப் பையில எப்பவும் துண்டுச் சீட்டு இருக்கும். சோறு போடும்போது ஒன்னு, எல்ஆர்டியில ஒன்னு, லிஃப்ட் வரதுக்குள்ள ஒன்னு. நான் எடுத்துப் படிப்பேன், அவ கணக்குப் போடக் கூடாது, முதல்ல இது என்ன கணக்குன்னு மட்டும் சொல்லணும், அப்புறம்தான் பேப்பர். தேக்கா மார்க்கெட்ல மீன் வெட்டக் குடுத்துட்டு நிக்கும்போது கப்பல் துறைமுகத்த விட்டு எந்தத் திசையில போகுதுன்னு ஒரு கணக்கு வந்துச்சு, ஈரமான மேஜை மேலயே விரலால கோடு போட்டுக் காட்டினா, மீன்காரர் வாலை எந்தப் பக்கம் வெட்டணும்னு வரையுறாங்கன்னு நினைச்சுட்டார். பைக்குள்ள இருந்து ரெண்டு மிட்டாய எடுத்துத் திருப்பிப் போடலேன்னா நிகழ்தகவு என்னன்னு ஒன்னு வரும், அது மட்டும் அவளுக்குத் தப்பவே தப்பாது, எங்க சைல்ட்கேர்ல எந்தப் பிள்ளை எடுத்ததத் திருப்பிப் போட்டிருக்குன்னு கேப்பா. ஆனா பழைய பேப்பர் கணக்கு ஒன்னுல ஜிஎஸ்டி ஏழு பர்சன்ட்னு போட்டிருக்க, இவ பாட்டுக்கு ஒன்பது போட்டுட்டா. தப்புன்னு சொன்னா ஒத்துக்கணுமில்ல, இப்ப எந்தக் கடையில ஏழு போடுறான் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கன்னு என்கிட்ட சண்டை. கேள்வியில இருக்கிறதத்தான் எடுக்கணும் உலகத்துல இருக்கிறத இல்லன்னு நான் சொல்லப் போய், அன்னிக்கு ராத்திரி எனக்குக் குழம்பு இல்ல.

எல்லாத்தையும் விட அவள ஆட்டி வச்சது முக்கோணம்தான். படத்துல ஒரு மூலை நேரா நிக்கிற மாதிரி தெரிஞ்சாப் போதும், யோசிக்காம பிதாகரஸப் போட்டுருவா. போன வருஷம் தலை சுத்தினதும் அப்படி ஒரு கணக்குல விடை வராமத்தான்னு இந்த வருஷம்தான் எனக்கே சொன்னா. நான் ஊர்ல பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவன், மத்ததெல்லாம் மறந்து போச்சு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில நிக்குது. அவ பிதாகரஸ்னு வாயெடுத்ததும் செங்கோணம்னு எங்க போட்டிருக்குன்னு சத்தம் போடுவேன். இங்க பொறந்து இங்கயே இங்கிலீஷ்ல படிச்சவ, முதல் தடவை அப்படின்னா என்னன்னு கேட்டா. இப்ப நான் அடுப்படிப் பக்கம் வந்தாலே, வந்துட்டார்ப்பா செங்கோணம்னு கிண்டல் பண்றா. ஆனா போன வாரம் வரைக்கும் அஞ்சு முக்கோணத்துக்கு ரெண்டுல ஏமாந்துக்கிட்டுத்தான் இருந்தா, அத உன்கிட்ட மறைக்க மாட்டேன். இன்னிக்குக் காலையில ஒரு வாய் இட்லி கூட இறங்கல அவளுக்கு. கேட்டுக்கு முன்னால நின்னு என் பையில இருந்த கடைசிச் சீட்ட எடுக்கவான்னு கேட்டேன், வேணாம் போங்கன்னுட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கு நடுவுல நீல முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டே உள்ள போனா. திரும்பிப் பாக்கல. அது நல்ல சகுனமா கெட்டதான்னு அப்ப இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யா அல்லாஹ், இன்னும் எவ்வளவு நேரம்தான்.

மணி அடிச்சிருச்சு. பிள்ளைங்க வெளிய வருதுங்க. நான் போறேன்.

யும்னா, எல்லாரும் வந்துட்டாங்க, உங்க உம்மா வரல. கேட்டுகிட்ட நின்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு வர்றான், ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு வருது, கூட்டம் கரைஞ்சு ரோடே காலியாயிருச்சு. இவ மறுபடி தலை சுத்தி உள்ளயே படுத்துட்டாளா, இல்ல வேற கேட் வழியா எப்பவோ போய் எல்ஆர்டியில ஏறிட்டாளான்னு என் புத்தி எங்கெங்கயோ போகுது. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். காவலாளி உள்ள விட மாட்டேன்னுட்டார், உக்காருங்க வருவாங்கன்னு சொல்றார். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க. எழுதலேன்னா கத்திருவேன் போல இருக்கு.

வந்துட்டாம்மா. அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டா. கடைசி ஆளா, மெதுவா, மூஞ்சி கழுவிட்டு ஈரத்தோட வந்தா. கடைசி நிமிஷம் வரைக்கும் எழுதினாளாம், பேப்பர வாங்கினப்புறம் பாத்ரூம்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேங்கறா. நான் எப்படி எழுதினன்னு கேக்கல. கேக்க மாட்டேன்னு நேத்தே சத்தியம் பண்ணியிருந்தேன், நாக்கக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவதான் இந்த மேஜைக்கு வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டு, நான் சீட்டு எடுத்துப் படிப்பேனே அதே குரல்ல, ஒரு பார்க்ல மூணு விளக்குக் கம்பம், ஏ-ல இருந்து பி அறுபது மீட்டர், பி-ல இருந்து சி எண்பது மீட்டர், ஏ-க்கும் சி-க்கும் நேரா எவ்வளவுன்னு கேட்டா என்ன செய்வீங்கன்னா. எனக்கு இருந்த படபடப்புல, இதென்ன பெரிய விஷயம், நூறு, பிதாகரஸ்னு சொல்லிட்டேன். உங்க உம்மா கிளாஸ கீழ வச்சா. காப்பிக்கடையே திரும்பிப் பாக்கிற மாதிரி, செங்கோணம்னு எங்க போட்டிருக்குன்னு கேட்டா.

போடல யும்னா. அடுத்த வரியில கேள்வி போட்டவன் திசை குடுத்திருந்தானாம், கூட்டிக் கழிச்சா தொண்ணூறு வரலையாம், நூறுன்னு எழுதி ஏமாறட்டும்னே அறுபதும் எண்பதும் வச்சிருக்கான், முதல்ல நானும் நூறுன்னு பென்சில்ல எழுதிட்டேன், அப்புறம் உங்க சத்தம் காதுல கேட்டுச்சுங்கன்னா. அழிச்சுட்டு, செங்கோணம் இல்லாத முக்கோணத்துக்குப் போடுற கோசைன் ரூல் போட்டிருக்கா. சொல்லிட்டுச் சிரிச்சா, போன வருஷத்துச் சிரிப்பு இல்ல இது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மிளகாய்னு சொல்லிச் சமாளிச்சேன், மேஜையில மிளகாயே இல்ல. இப்ப எதிர்ல உக்காந்து ரெண்டு பிராட்டா சாப்பிட்டு மூணாவதுக்கு ஆர்டர் குடுத்திருக்கா, நான் என்ன எழுதுறேன்னு எட்டிப் பாக்குறா.

இத இப்பவே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிருவேன், எந்திரிச்சதும் படி. ரிசல்ட் எப்படி வரும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், அதப் பத்தி அவகிட்ட வாயத் திறக்காத. உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் நல்ல மனசும் தரணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறோம், நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாம வெளிய போகாத. ஒன்னு மட்டும் மறந்துறாத. இன்னிக்குச் சாயங்காலம் உம்மா உனக்கு போன் பண்ணி, ஒரு பார்க்ல மூணு விளக்குக் கம்பம்னு ஆரம்பிப்பா. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நூறுன்னே சொல்லும்மா. அவ கேக்கட்டும்.

தப்பான விடை சொன்ன சந்தோஷத்தோட,
உன் வாப்பா
இப்ராஹீம்