பூந்தமல்லி தாட்சாயிணியின் குரல்

பூந்தமல்லி
ஆகஸ்டு 20, 1944

அம்மாவுக்கு நமஸ்காரம். இங்கு நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

ஆவடி பட்டாள டிப்போவில் வேலை முடிந்து வந்தால் அறையில் பேச்சுத்துணை இல்லை. அதனால் பழைய கிராமபோன் ஒன்று வாங்கினேன். அளவாகச் சாவி கொடுக்கவும், ஊசியை அதிராமல் வைக்கவும் இப்போதுதான் பழகுகிறேன்.

வீட்டுக்கார அம்மாள் பூங்காவனம் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். காலமாகிவிட்ட அவர்கள் மகள் பாடியது. பாட்டு முடிந்ததும், "நான் பூந்தமல்லி தாட்சாயிணி" என்கிறாள். அந்தக் காலத்துத் தட்டுகளில் பாடுகிறவர்கள் கடைசியில் பெயர் சொல்வது வழக்கமாம்.

"பாட்டு வாணாம்பா. பேர் சொல்றா பாரு, அத்த மட்டும் வையி" என்றார்கள். தினம் சாயங்காலம் அந்த இடத்திலேயே ஊசியை வைத்து வைத்துத் தட்டு தேய்ந்துவிட்டது. முந்தாநாள் வெறும் இரைச்சல்தான் வந்தது. பயந்துபோய் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லிட்டாபா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

நேற்று அதே இரைச்சலில் எனக்கும் அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது. சிரிக்காதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தபால் கட்டும் நேரமாகிவிட்டது, இன்னொன்று மட்டும். டிப்போவில் என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் நின்று ஒரு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்குக் கேட்கும்.

உங்கள் மகன்
சங்கரலிங்கம்