பாகற்காயின் பின்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

வாழைப்பழம் என்று கை வைத்தேன். டொக் என்றது. மறுபடியும் கண்ணாடி. இந்த வீட்டில் எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

நீ செய்யும் கண்ணாடிப் பழங்களைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதே என்று மருமகளுக்கு மகன் மூலமாக எத்தனை தடவை சொல்லி அனுப்பியாயிற்று. நேராகச் சொல்ல மாட்டேன். பேத்தியின் முதல் பிறந்தநாளன்று பேச்சை நிறுத்தியவள் நான். பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

அன்று மருமகள் கட்டியிருந்தது நீலப் புடவை, மஞ்சள் கரை. இடது கையில் கரண்டி. சாப்பிட உட்கார்ந்த அத்தனை பேர் முன்னாலும், "அத்தை கைக்குக் காரம் ஜாஸ்தி, குழம்பைப் பார்த்து ஊத்திக்கோங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். யார் யார், எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 5, வியாழன்

சந்தையிலிருந்து ஒரு பாகற்காய் வந்திருக்கிறது. பாதி பச்சை, பாதி பழுத்து வெடித்து, உள்ளே சிவப்பு விதை தெரிகிறது. அதைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவள் மாதிரி குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கிறாள் மருமகள்.

மகன் சொன்னான்: அடுத்த வாரம் சனிக்கிழமை பெரிய கைவினைக் கண்காட்சி. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, இந்தத் தடவைதான் இவளுக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்களாம். அதுவும் இந்தப் பாகற்காயை வரைந்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு. அதைக் கண்ணாடியில் செய்து கொண்டுபோனால்தான் மேசை.

பாகற்காய்க்கு வந்த வாழ்வு.

மார்ச் 7, சனி

வதக்கிவிட்டேன்.

சமையலறையில் இருப்பது சமைக்கத்தானே? இன்னும் ஒரு நாள் போனால் அழுகியிருக்கும். நான் நறுக்கியதில் என்ன தப்பு? மகன் இரண்டாவது தடவை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான், இது எந்தப் பாகற்காய்ம்மா என்று கேட்டான். கேட்டுவிட்டு மெல்லுவதை நிறுத்தினான்.

அவள் வந்து வாணலியைப் பார்த்தாள். கண்ணாடி வேலை செய்யும் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் மனசில் வைத்துக்கொண்டிருப்பேன். திட்டாமல் போனால் நான் எதை வைத்துக்கொள்வது?

மார்ச் 8, ஞாயிறு

சந்தை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். எல்லாம் பச்சையாம், விறைப்பாம், ஒன்றுகூட வெடிக்கவில்லையாம்.

வரைந்தது, போனில் படம் எடுத்தது எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கத்தைக் காயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யலாம் என்று இருந்தாளாம். வெடிப்பு பின்னால் சுற்றிப் போய் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். நறுக்கினவள் ஆயிற்றே. காம்புக்குக் கீழே இரட்டை முள், அதற்குக் கீழே தேய்ந்த இடம், வால் பக்கம் பூச்சி கடித்த தழும்பு. மகனிடம் சொன்னேன். அவன் அதை அவளிடம் சொல்லக் கொட்டகைக்கு ஓடினான்.

மார்ச் 9, திங்கள்

கொட்டகைக்குள் இன்றுதான் போகிறேன். தீ ஊசி மாதிரி சீறுகிறது. கண்ணாடிக் கம்பியை அதில் காட்டினால் தேன் பாகாட்டம் தொங்குகிறது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையை நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறாள். நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தீயை விட்டு விலக்கினால் வெடித்துவிடும்.

மகன் நடுவில் நின்றான். நான் அவனிடம், "அந்த முள்ளு இன்னும் கொஞ்சம் இடது பக்கம்னு சொல்லுடா" என்றேன். அவன் அவளிடம், "இடது பக்கமாம்" என்றான். உன் இடதா அத்தை இடதா என்று அவள் அவனைக் கேட்டாள். அவன் என்னைக் கேட்டான். காய்க்கு இடது என்றேன். காய்க்கு ஏதம்மா இடது என்றான்.

டக் என்று ஒரு சத்தம். பாகற்காய் பாதியாய்த் தரையில் கிடந்தது.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அத்தை, நாளைக்கு நீங்க மட்டும் வாங்க. நேராச் சொல்லுங்க. கண்ணாடிக்குக் காத்திருக்கத் தெரியாது."

மார்ச் 10, செவ்வாய்

போனேன். கண்காட்சி போய்விட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். அதனால் போனேன்.

"மேலே. இன்னும் மேலே. அங்கதான், வை." இத்தனை வருஷத்தில் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இது.

முள் முள்ளாக வைத்துக்கொண்டே போனாள். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இவளால் எழுந்து போக முடியாது. முகத்தைத் திருப்ப முடியாது. அடுப்பில் பால் என்று சாக்குச் சொல்ல முடியாது. இப்படி ஒரு வாய்ப்பு எந்த மாமியாருக்குக் கிடைக்கும்?

நீலப் புடவையில் ஆரம்பித்தேன். கரண்டி, குழம்பு, சிரித்தவர்கள், ஒன்றையும் விடவில்லை. நடுவில் தழும்பு எங்கே என்று கேட்டாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

முடித்ததும் கம்பியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க தம்பிக்கு அப்ப வயித்துப்புண்ணு, அத்தை. நான் குழம்பு வேணாம்னா அக்கா மனசு கஷ்டப்படுவா, காரம்னு நீயே எல்லார்கிட்டயும் பொதுவாச் சொல்லிடுன்னு அவருதான் கையப் பிடிச்சுக் கேட்டாரு."

அன்று தம்பி எவ்வளவு குழம்பு ஊற்றிக்கொண்டான் என்று யோசித்தேன்.

"வெடிப்பு எங்க முடியுது அத்தை? சீக்கிரம்."

"வாலுக்கு ஒரு விரல் முன்னாடி" என்றேன்.

மார்ச் 11, புதன்

தம்பிக்குப் போன் போட்டேன். ஆமாக்கா என்றான். சிரிக்கிறான். இவ்வளவு நாள் நான் சுமந்ததெல்லாம் தப்பான ஆள் மேலயா! இனி அவனோடு பேச்சு இல்லை. என் கோபம் அப்படியே வண்டி மாறி ஏறிக்கொண்டது.

மார்ச் 12, வியாழன்

செய்து முடித்ததை மெல்ல ஆற வைத்திருந்த சூளையைத் திறந்தாள். உடையவில்லை. நான் ஒன்றும் பார்க்கப் போகவில்லை, துணி காயப்போடும் வழியில் கண்ணில் பட்டது.

மார்ச் 14, சனி

கண்காட்சி. விளக்கு வெளிச்சத்தில் பாகற்காய் இப்போதுதான் கொடியிலிருந்து விழுந்தது மாதிரி இருந்தது. ஒருவர் அதைச் சுற்றிக் குனிந்து பார்த்து, சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்கத்துக்கு எதற்கு இத்தனை பாடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினாள். "அவங்க பார்ப்பாங்க" என்றாள்.

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

அடுத்தது சீத்தாப்பழமாம். யாரோ கேட்டிருக்கிறார்கள். கண்ணு கண்ணாக ஒட்ட வேண்டும், நாள் பிடிக்கும் வேலை என்றாள். மகன் வேலைக்குக் கிளம்பியதும் கொட்டகையில் எனக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டாள். தீயைப் பற்றவைத்தாள்.

"ம், ஆரம்பிங்க அத்தை. உங்க தம்பி என்ன பண்ணினாரு?"

அவன் பால்பல் விழுந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன்.