ஏலக்காய்க்கு உன் விலை என்ன?

கூடலூர்.

என் வீட்டு நாயகிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏலக்காய் வாங்க வந்தால், தரகர் சின்னக்காளை சிரிக்கிறார். "ராவுத்தரே, உங்க வீட்டம்மா போன வாரமே ஆளனுப்பிப் பத்து மூடையும் வாங்கிட்டாகளே! ஒங்களுக்குத் தெரியாதா?" தெரியும் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பத்து மூட்டை தருவதாகப் போடி வியாபாரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தவறினால் இந்தச் சீமையில் என் சொல்லை எவன் நம்புவான்?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். "நிக்காஹில் நான் கொடுத்த மஹர் பணத்தில்தான் வாங்கியிருப்பாள். அப்படியானால் சரக்கு என்னுடையதுதானே?" என்று கேட்டேன்.

"குடுத்த அன்னைக்கே அது அவுக சொத்து, ராவுத்தரே. சோறும் துணியும் ஒங்க கடமை. அவுக சம்மதமில்லாம ஒரு காயக்கூடத் தொடக்கூடாது."

அது போகட்டும். விலை ஏறும் என்று உனக்கு யார் சொன்னது? வழியெல்லாம் யோசித்தேன். சாப்பிடும்போது நான்தான் சொல்லியிருக்கிறேன்! அப்போது நீ, "கொழம்பு ஊத்தவா?" என்று மட்டும்தான் கேட்டாய்.

புதன்கிழமை ரொக்கத்தோடு வருகிறேன். புருஷனுக்குக் குழம்பைக் குறைக்காதே. வியாபாரிக்கு விலையைக் கொஞ்சம் குறை.

இப்படிக்கு,
உன் பழைய புருஷன், புது வாடிக்கைக்காரன்.