வேன் ஹீட்டர் குடிக்கும் டீசல்

ஆடி இரண்டாம் வெள்ளி, இரவு.

பேத்தி செல்வி சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள். மூத்த பேரன் ராணுவத்தில் ஹவில்தார். இளையவன் முத்து நியூசிலாந்தில் இன்ஜினியர். இலத்தூரில் வேறு எந்த வீட்டில் இப்படி உண்டு?

ஆனால் இன்று முத்து போனில் பேசியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே பக்கத்துக் குற்றாலத்தில் சாரல் என்றேன். அங்கே பனி கொட்டுகிறதாம். படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள வேனை நேற்றுத்தான் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுகிறானாம்.

“ராத்திரி குளிராதாலே?”

“டீசல் ஹீட்டர் இருக்குல்லா ஆச்சி. கொறச்சு வச்சா ராத்திரிக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கும். போன மாசம் பரவால்ல, இந்த மாசந்தான் ரெண்டு கேக்குது.”

நேற்று எடுத்த வண்டிக்குப் போன மாதம் ஏது? கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

மருமகளிடம் சொன்னால், “செல்வி போலீஸா, நீங்க போலீஸா அத்த?” என்று சிரிக்கிறாள்.

வேலை போய்விட்டதோ? வேனிலேயே குடியிருக்கிறானோ? வாடகைக்கு வீடு பிடித்துப் பால் காய்ச்சினேன் என்று சித்திரையில் சொன்னான். பொங்கிய பாலை இன்னும் கண்ணில் காட்டவில்லை.

ஏலே முத்து, புதுசாக ஒரு போட்டோ தபாலில் போடு. உன் வீட்டு அடுப்பங்கரையில் நின்று எடுத்ததாக இருக்கட்டும்.