கிணற்றுப் பக்கத்துப் பந்தல்

சேலையூர், தாம்பரம்
14 ஜூன் 2024

அன்புள்ள அஜீசா,

இங்கே நலம். நீயும் தௌசிப் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பார்சல் வந்தது. நான் கேட்ட இரண்டு பை மண், கூடவே இரண்டே வரி. கல்லூரி விடுதியில் என் காதைத் தின்றவள் நீதானா? போனில் பேசினால் மாமனார் எதிரே உட்கார்ந்திருப்பார் என்றாய், சரி. காகிதத்தில் என்ன கஞ்சத்தனம்?

மண்ணைப் புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டேன். சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் பூச்சிகள் கீழே கிண்ணத்தில் வந்து விழும். உன் வேலியோரத்து மண்ணிலிருந்து கடுகைவிடச் சிறிய துள்ளுப்பூச்சிகள் கொட்டின. திராட்சைப் பந்தலுக்கு அடியில் எடுத்த மண்ணிலிருந்து அநேகமாக எதுவுமே விழவில்லை. பல்பு பழுதோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். கல்லூரி ஆய்வகத்தில் உட்கார முடியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

வருடக்கணக்காகக் களைக்கொல்லி, மழைக்கு மழை பூஞ்சைக்காக மயில்துத்தக் கலவை. துத்தத்தில் இருக்கும் செம்பு எங்கேயும் போகாது அஜீ, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மண்புழுவுக்கு அது ஆகாது. புழுவும் பூச்சியும் இல்லாவிட்டால் தழை மக்காது, மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு துண்டிலாவது களைக்கொல்லியை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குக் கீழே பயறு விதைக்க முடியுமா? அண்ணனிடம் கேட்பாயா?

உன்
நித்யஸ்ரீ

---

கம்பம்
9 ஜூலை 2024

அன்புள்ள நித்யா,

இந்தா, கேட்டாயே, நீளமான கடிதம்.

நீ எழுதியதை உன் அண்ணனுக்கு, அதுதான் என் மச்சானுக்கு, படித்துக் காட்டினேன். "மண்ணுல பூச்சி இல்லேன்னா சந்தோசம்தான படணும்?" என்று சிரித்தார். ஆனால் சாப்பிட்டுவிட்டு நேரே போய் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினார். மண் ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தது. அதைக் கையால் நொறுக்கிப் பார்த்தார். மறுநாள் தட்டைப்பயறு விதை வாங்கி வந்துவிட்டார்.

கிணற்றுப் பக்கத்துப் பந்தல் மட்டும்தான் நம் கையில். மீதித் தோட்டத்தை மாமனார் தொடவிடவில்லை. பயறு முளைத்ததைப் பார்த்துவிட்டு, "இது திராட்சத் தோட்டமா, மாட்டுக்கு விட்ட மேய்ச்சக் காடா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கல்யாணமாகி வந்து இந்த வீட்டில் நான் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இது, நித்யா. அதனால் பயமாகவும் இருக்கிறது. நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? எத்தனை முறைதான் கூப்பிடுவது?

துஆவுடன்
அஜீசா

---

தாம்பரம்
19 அக்டோபர் 2024

அஜீ,

மண்புழு! நீ அனுப்பிய புது மண்ணில் ஒரு குட்டி, நூல் மாதிரி. துள்ளுப்பூச்சிகளும் வந்துவிட்டன. மாணவிகளை வரிசையாக நிற்கவைத்துக் காட்டினேன். ஜனவரிக் கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கமே வரவில்லை.

நேற்று பல்லாவரம் சந்தைக்குப் போனவள் அப்படியே பொழிச்சலூரில் உன் அம்மாவையும் பார்த்தேன். தலைக்கு மேலே விமானம் போய் முடியும்வரை காத்திருந்து கேட்டார்கள்: "இன்னாம்மா, நல்லா கீறேன்னுதான் சொல்றா. கொரலு அப்டி இல்லியே. நீயாவது கேளேன்." நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிதானே?

ஒன்று மட்டும் மறக்காதே. மழைக்கு முன்னால் துத்தம் அடிக்க அவசரப்படாதீர்கள். இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. முடிந்தவரை தள்ளிப்போடு.

அவசரத்துடன்
நித்யா

---

கம்பம்
27 நவம்பர் 2024

நித்யா,

மழை விடவே இல்லை. பூத்துப் பிஞ்சு பிடித்த நேரம். இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மச்சான் துத்த மருந்தைக் கலக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "ஒன் பிரெண்ட ஒரு வார்த்த கேட்ரு" என்றார். கேட்டேன். "ரெண்டு நாள் பொறு" என்றாய். வகுப்புக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாய்.

பொறுத்தோம். கொத்துக் கொத்தாகப் பிஞ்சுகள் பழுப்பேறிச் சுருண்டுவிட்டன. அதற்குப் பிறகு அடித்த மருந்து எதையும் காப்பாற்றவில்லை. மாமாவின் பக்கம் முன்னாலேயே அடித்துவிட்டார்கள். அங்கே காய் நிற்கிறது.

மாமா திட்டியிருக்கலாம். பந்தலுக்குள் வந்து, ஒரு காய்ந்த கொத்தைப் பறித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அஜீசா

---

தாம்பரம்
6 டிசம்பர் 2024

அன்புள்ள அஜீ,

படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். நோய் மழையால் வந்தது. பயற்றை வெட்டிவிட்டிருந்தால் பந்தலுக்கடியில் காற்று ஓடியிருக்கும், அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மண் தேறுவதற்கு மூன்று வருடமாவது ஆகும். ஒரு போகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்.

கருத்தரங்கு நெருங்கிவிட்டது. மழைக்குப் பிந்திய மண் கிடைக்காவிட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடும். ஒரே ஒரு பை அனுப்புகிறாயா?

நித்யா

---

கம்பம்
2 ஜனவரி 2025

நித்யஸ்ரீ,

மண் கேட்டிருக்கிறாய்.

மச்சான் கத்தாருக்குப் போகிறார். அவருடைய மாமன் மகன் கடையில் வேலை. இந்தப் போகம் கைகொடுத்திருந்தால் போயிருக்க மாட்டார். உன் மண் தேற மூன்று வருடம் ஆகும் என்று அவரிடம் சொன்னேன். "மண்ணு காத்திருக்கும். நம்ம எங்க காத்திருக்க?" என்றார்.

நேற்று களைக்கொல்லியை நானே அடித்தேன். யாரும் சொல்லவில்லை. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் பயறு, உன் புழு எல்லாவற்றின் மேலும் அடித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பை அனுப்பவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

அஜீசா

---

தாம்பரம்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள அஜீசா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இன்று பொழிச்சலூர் போயிருந்தேன். "போன வாரம் தௌசிப்ப ஏர்போர்ட்ல வுட்டுட்டு இங்கதானே இருந்தா, உன்னாண்ட சொல்லலியா?" என்று கேட்ட உன் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்கள். பல்லாவரத்தில் ரயில் ஏறினால் தாம்பரம் எவ்வளவு தூரம், அஜீ?

கருத்தரங்கில் படித்தேன். காய் போனதையும், என் பேச்சைக் கேட்டதால் போனது என்பதையும் சேர்த்தே படித்தேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அந்தத் தோட்டத்துக்காரங்க இப்போ எப்படி மேடம் இருக்காங்க?" எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய மண்ணில் எத்தனை வகைப் பூச்சி என்று தெரியும், அது தெரியவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்?

நித்யா

---

கம்பம்
22 பிப்ரவரி 2025

நித்யா,

நன்றாக இல்லை. மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுகிறார். பந்தலைக் காட்டச் சொல்கிறார், காட்டினால் உடனே போனை வைத்துவிடுகிறார். பொழிச்சலூர் வந்தபோது வேண்டுமென்றேதான் உன்னிடம் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க வந்திருந்தால் நீ மண்ணைப் பற்றிக் கேட்டிருப்பாய், நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அன்றைக்கு அழ வேண்டியிருந்தது.

போன வாரம் காலமில்லாத காலத்தில் ஒரு மழை. களைக்கொல்லி அடித்த பாதியில் தண்ணீர் குளமாக நின்றது. நான் அடிக்காமல் விட்ட பாதியில் நிற்கவே இல்லை, மண் குடித்துவிட்டது. மாமாவும் வந்து பார்த்தார். "அந்தப் பக்கம் மட்டும் ஏன் தண்ணி நிக்கல?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையைக் குனியாமல் சொன்னேன். மறுநாள் அவர் வாங்கி வைத்திருந்த களைக்கொல்லியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல் கிணற்றுப் பக்கம் என் பொறுப்பு. புல்லும் பயறும் இருக்கும், மழைக்கு முன்னால் அறுத்து அங்கேயே போட்டுவிடுவேன். துத்தமும் அடிப்பேன், குறைவாக, ஆனால் நேரத்தோடு. எப்போது என்று உன்னிடம் கேட்க மாட்டேன். வானத்தைப் பார்ப்பவள் நான்தானே.

வியாழக்கிழமை கொடிகளை வெட்டிக் கவாத்து செய்யத் தொடங்குகிறோம். நோன்பு வருவதற்குள் முடிக்க வேண்டும். மச்சான் இல்லாமல் ஆள் போதவில்லை. வருவதாக இருந்தால் முழுக்கைச் சட்டை எடுத்து வா, பந்தலுக்கடியில் நாள் முழுக்கக் கை தூக்கி நிற்க வேண்டியிருக்கும். வர முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டாம்.

அஜீசா