வோசெல் லாக் திறந்த வருடம்

வோசெல்
1945 மார்ச் 6

அன்புள்ள லியோந்தின்,

வந்து சேர்ந்தேன். லாக் பழுதுபார்க்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மியூஸ் ஆற்றில் காலமெல்லாம் படகு ஓட்டியவன் என்றதும் மேஸ்திரி வேறெதுவும் கேட்கவில்லை.

ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது வைத்த வெடியில் லாக் கதவுகள் பிய்ந்து, தண்ணீரை நிரப்பி வடித்துப் படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்குகிற தொட்டிக்குள்ளேயே விழுந்து கிடக்கின்றன. அணையும் பாதி போய்விட்டது. இதைச் சரிசெய்யாமல் ஆற்றின் மேல்பக்கம் ஓபிக்னியில் நிற்கிற நம் படகு ஓரடி நகராது.

பள்ளிக்கூடத்தில் வைக்கோல்மேல் படுக்கிறோம். ரொட்டி தார் மாதிரி இருக்கிறது. நான் கிளம்பும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வரியாவது எழுது.

உன்
ஒக்டாவ்


ஓபிக்னி படகுத்துறை
மார்ச் 19

ஒக்டாவ்,

பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். ரயில் பாலத்தில் வேலை இருந்தது, கூலியும் அதிகம். நீ அந்த லாக்குக்கே போனாய். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

அந்த லாக்கில் வேலை பார்த்த எலுவா இப்போது அங்கே இல்லை. வெடி வைத்த அன்று லாக்கில் வேலை செய்தவர்களை லாரியில் ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனை அவர்கள் சும்மா விடுவார்களா? நம் மகன் ஜெர்மனியில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் வடிந்து படகு சேற்றில் சாய்ந்து நிற்கிறது. சூப் ஊற்றினால் தட்டில் ஒரு பக்கமாகத் தேங்குகிறது. பக்கத்துப் படகு தெல்வோ குடும்பம் கொஞ்சம் கரி கொடுத்தது.

ஈரத்தில் நிற்காதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

லியோந்தின்


வோசெல்
மே 14

அன்புள்ள லியோந்தின்,

போர் முடிந்தது என்று இங்கே நாள் முழுக்கக் கோயில் மணி அடித்தார்கள். மேஸ்திரி எல்லோருக்கும் ஒயின் ஊற்றினார். என் பங்கைப் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

தொட்டிக்கு இரண்டு பக்கமும் தற்காலிகக் கரை கட்டி முடித்தோம். பம்பு வந்ததும் தண்ணீரை இறைக்க வேண்டியதுதான். நேற்று முக்குளிக்கிற ஃப்ளோரிமோன் மேலே வந்து உட்கார்ந்து புகைத்தான்.

"கதவுக்கு அடியில என்னமோ மாட்டியிருக்குண்ணே. கை எட்டல," என்றான்.

"என்னவா இருக்கும்?" என்று கேட்டேன்.

"கலங்கல் தண்ணி, என்னத்தைத் தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். எலுவா என் மகன் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒக்டாவ்


ஓபிக்னி
ஜூன் 10

ஒக்டாவ்,

தெல்வோவின் மகன் ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டான்! அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கையைப் பிடித்தால் எலும்பு குத்துகிறது. ஆனாலும் வந்துவிட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"எலுவாவ நான் பாக்கலம்மா. எங்க முகாம்ல ஒரு படகுக்காரப் பையன் இருந்தான். மவுத் ஆர்கன் வாசிப்பான். பேரு தெரியல."

எலுவாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அங்கே போய்க் கற்றுக்கொண்டிருக்கலாம் இல்லையா?

அவன் மெத்தையை வெயிலில் காயப்போட்டேன். தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அந்தப் பம்பு மெதுவாகவே வரட்டும்.

லியோந்தின்


வோசெல்
ஜூலை 2

அன்புள்ள லியோந்தின்,

பம்பு வந்துவிட்டது. நான் நலம். வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு. வெயில் கடுமையாக இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

ஒக்டாவ்


ஓபிக்னி
ஜூலை 5

இதுவரை நீ என்னைப் போகாதே என்று சொன்னதில்லை.

எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

லி.


வோசெல்
ஜூலை 8

லியோந்தின்,

தொட்டி வற்றிவிட்டது. கீழ்க்கதவைச் சங்கிலி கட்டித் தூக்கியபோது அடியில் மூன்று பேர் இருந்தார்கள். லாக் காவலர் பெரோ, அவருடைய உதவியாள், பிறகு நம் பிள்ளை. என்னைக் கீழே இறங்க விடவில்லை. "நீங்க வேணாண்ணே, நாங்க பாத்துக்கறோம்," என்று ஃப்ளோரிமோன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தள்ளிவிட்டு இறங்கினேன். நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். முழங்கையில் என் பழைய நீலக் கால்சட்டைத் துணியில் நீ போட்ட ஒட்டு. வேறு எதைப் பார்த்தும் சொல்லியிருக்க முடியாது.

லாரியில் யாரையும் ஏற்றவில்லை. கதவைக் காப்பாற்ற ஓடினார்களா, தப்பிக்க ஓடினார்களா, இனி யார் சொல்வது?

வியாழக்கிழமை அடக்கம். உன்னை அழைத்து வர மேஸ்திரி வண்டி அனுப்புகிறார். அதில் வா.

ஒக்டாவ்


வோசெல்
செப்டம்பர் 30

அன்புள்ள லியோந்தின்,

அடக்கத்துக்கு வந்தாய், குழியருகே நின்றாய், என்னிடம் பேசாமலே வண்டியேறிவிட்டாய். அதற்குப் பிறகு நான் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை.

புதுக் கதவுகள் மாட்டியாயிற்று. அணையை அடைத்ததில் அங்கே தண்ணீர் ஏறி நம் படகு நிமிர்ந்திருக்கும். அக்டோபர் பதினைந்தாம் தேதி லாக் திறக்கிறது. என்னைக் காவலராக இருக்கச் சொல்கிறார்கள். பெரோவின் வீட்டைத் தருகிறார்கள். அடுப்பு நல்ல அடுப்பு, தோட்டமும் உண்டு. கல்லறை கூப்பிடு தூரத்தில். சரி என்று சொல்லிவிட்டேன். படகை விற்றுவிட்டு வந்துவிடு. நாம் அவன் பக்கத்தில் இருப்போம்.

ஒக்டாவ்


ஓபிக்னி
அக்டோபர் 9

ஒக்டாவ்,

என்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாய். உன்மேல் கோபமில்லை. கோபப்படத் தெம்பில்லை. ஆனால் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. ஒவ்வொரு படகுக்கும் அந்தக் கதவு திறக்கும், மூடும். ஒவ்வொரு தடவையும் நான் அதன் அடியில் பார்ப்பேன்.

நம் படகுதான் முதலில் போக வேண்டும் என்று இங்கே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானே ஓட்டி வருகிறேன். தெல்வோவின் மகன் கயிறு பிடிப்பான். நாமூரில் கரி ஏற்றப் பேசியிருக்கிறேன். வோசெலில் படகைக் கட்டி நிறுத்தமாட்டேன்.

படகு தொட்டிக்குள் வந்ததும் தளம் கரையோடு சமமாக நிற்கும். அப்போது நீ ஒரு எட்டு வைத்தால் போதும். தண்ணீர் இறங்கிவிட்டால் எட்டாது. வா என்று அப்போது நான் கூப்பிடமாட்டேன். இப்போதே கூப்பிட்டுவிட்டேன்.

லியோந்தின்


வோசெல்
அக்டோபர் 16

லியோந்தின்,

நாமூர் துறைமுகத்துக்கு இதை அனுப்புகிறேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். உள்ளே வரும்போது நீ பார்த்திருப்பாய். படகு சமமாக வந்து நின்றபோது கால் முன்னே போனது. அப்படியே நின்றுவிட்டது. ஃப்ளோரிமோன், "ஏறுண்ணே, ஏறு! கதவ நான் பாத்துக்கறேன்," என்று கத்தினான். அதற்குள் உன் தலை கீழே கீழே போய்விட்டது. நீ சுக்கானை விட்டுக் கையெடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நல்லதுதான். பார்த்திருந்தால் நான் குதித்திருப்பேன், காலை உடைத்துக்கொண்டிருப்பேன்.

அவனை இங்கே தனியாக விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி மேலே வரும்போது கீழ்ப்பக்கத்து அடுத்த லாக்கிலிருந்து எனக்குப் போன் போடச் சொல். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். நீ நிற்காமல் போகலாம்.

ஒக்டாவ்