ஆற்று மட்டம் என்கிற ராஜாங்க ரகசியம்

அம்பாசமுத்திரம்,
செவ்வாய்க்கிழமை

கடல் தாண்டி அயர்லாந்து தேசத்தில் கார்க் பட்டணத்தை ஊசியும் கையுமாக ஆண்டுகொண்டிருக்கும் நர்ஸம்மா, என் ஒரே மருமகள் பிரியதர்ஷினிக்கு, தாமிரபரணி வடகரைச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய தாணுமாலையன் எழுதிக்கொள்வது. இங்கன உன் அம்மா, அப்பா, நான், என் முழங்கால் வலி எல்லாரும் சௌக்கியம். அங்கன நீயும் உன் ஸ்வெட்டரும் சௌக்கியமாக இருக்க பாபநாசநாதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா கேஸைப் பற்றி போனில் கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்காங்கன்னு உன் அம்மாவிடம் கோபப்பட்டாயாமே. ஏட்டி, இது வாட்ஸ்அப்பில் போடுகிற சமாச்சாரமா? அரசாங்க ரகசியம்! தபாலில்தான் வரும். கதவைச் சாத்திவிட்டு வாசி.

தெரிந்த கதைதான், ஆனாலும் நான் சொன்னால்தானே ருசி. அந்தப் பெருவெள்ளத்தன்று நம் அணைக்கட்டில் ஷட்டரைத் தூக்கியது உன் அப்பா பூதத்தான். தூக்காவிட்டால் கரை உடைந்து மேலூரே போயிருக்கும், தூக்கியதில் கீழூர் வாழையெல்லாம் முங்கிப் போனது. யாரைக் கேட்டுத் திறந்தீர் என்று பொதுப்பணி இலாகாவில் கேட்டார்கள். அதிகாரிதான் போனில் சொன்னார், பதிவேட்டிலும் எழுதிவைத்திருக்கிறேன் என்றார் இவர். நான் சொல்லவே இல்லை என்றார் அதிகாரி. பதிவேட்டை அன்றைக்கே ஜீப்பில் எடுத்துப் போய்விட்டார்கள். இவரை வேலையை விட்டு நிறுத்தியாச்சு. வேலை போனதுகூட மாப்பிள்ளைக்குப் பெரிசில்லை. டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்தால் வாழைக்காரர்கள் கிளாஸோடு எழுந்து போனார்கள் பார், அதில்தான் மனுஷன் பாதியாகிவிட்டார்.

நம் வக்கீலம்மா எப்சி லேசுப்பட்டவர் இல்லை. அந்தக் குரல் எழும்பினால் தொழிலாளர் நீதிமன்றத்துச் சீலிங் ஃபேன் தானாகவே நின்றுவிடும். அந்தப் பதிவேட்டைக் கொண்டு வாங்க என்று மனுப் போட்டார். அதற்கு இலாகாவின் பெரிய தலை ஒருவர் பிரமாணப் பத்திரம் அனுப்பினார். அணையின் நீர்மட்டமும் ஷட்டர் நிலையும் வெளியிடப்படாத அரசு ஆவணமாம், வெளியே வந்தால் பொதுநலனுக்கு ஊறு விளையுமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் கொற்கை வழியாக ஆற்றில் ஏறி, ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி இளநீர் குடித்துவிட்டு, நம் ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி கண்முன் வந்தது. ஆனால் ஒன்றுதான் இடித்தது. அந்த நீர்மட்டத்தைத் தினமும் காலையில் அணை முகப்பில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார்களே! பஸ்ஸில் போகிறவன் வருகிறவனெல்லாம் வாசிக்கிறான். அதை எழுதியது யார்? உன் அப்பா. பதிவேட்டை எழுதியது? அதுவும் உன் அப்பா.

எப்சி இதைத்தான் பிடித்தார். பொதுநலன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாது, என்ன கெடுதல் வரும் என்று சொல்லணும், சந்தேகம் என்றால் நீதிபதியே தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வாதாடினார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பதிவேடு யார் கையெழுத்து என்று கேட்டார். தொழிலாளியோடதுதான்னு இலாகா வக்கீல் முனகினார். அப்படின்னா ரகசியம் அவர் தலைக்குள்ளேயும் இருக்குமே, அதுக்கும் சேர்த்து சீல் வைக்கணுமா என்று கேட்டாரே பார்க்கலாம். கோர்ட்டே சிரித்த சிரிப்பில் நெல்லையப்பர் கோயில் யானை திரும்பிப் பார்த்தது. பார்க்காமலா இருந்திருக்கும்?

இலாகா பதிவேட்டை சீல் வைத்த உறையில் கொடுத்தது, நீதிபதியம்மா அதோடு அறைக்குள் போய்விட்டார். உன் அப்பா வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகம் வெளிறிக் கிடக்கிறது. பைய என் காதருகே வந்து, மச்சான், வெள்ளத்தன்னைக்கு எழுதின பக்கம் முழுசையுமா வாசிப்பாங்க, ஒரேயொரு வரியை மட்டும் மறைக்கச் சொல்ல முடியாதான்னு கேட்டார். இவ்வளவு நாள் பதிவேட்டைக் கொண்டா கொண்டா என்று கேட்ட மனுஷன் இப்போது மறைக்கச் சொல்லுகிறாரே, மாப்பிள்ளை ஏதோ வில்லங்கம் பண்ணிவைத்திருக்கிறார் போல என்று என் குலதெய்வம் சுடலைமாடனுக்கு அங்கேயே ஒரு கிடா நேர்ந்துவிட்டேன். அதை நீதான் வாங்கித் தரணும், குறித்துக்கொள்.

நீதிபதியம்மா திரும்பி வந்தார். ஷட்டர் எந்திரத்தின் வரைபடம் இருக்கிற பக்கங்கள் உறைக்குள்ளேயே இருக்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது, வெள்ளத்தன்றைய பக்கத்தை மட்டும் கொடுங்கள் என்றார். எப்சி சத்தமாக வாசித்தார். அதிகாரி பேர், போனில் வந்த உத்தரவு, ஷட்டர் முழுக்கத் தூக்கியது, எல்லாம் இருந்தது. அந்த உத்தரவுக்கு முந்தி இன்னொரு வரி. அதை வாசிக்கும்போது அந்த ஃபேன் நிறுத்தும் குரல் தணிந்துவிட்டது. “மகள் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறாள். மறுபடியும் அழைக்கிறாள். எடுக்கவில்லை. உத்தரவு வர வேண்டிய போன்.”

கேட்டியாம்மா? ஆற்று மட்டத்துக்கு நடுவில் உன்னையும் எழுதிவைத்திருக்கிறார். உத்தரவுக்குக் காத்திருந்தவர்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று எப்சி கேட்டார். தீர்ப்பு இனிமேல்தான். வேலை திரும்பக் கிடைக்கும்னு வக்கீலம்மா சொல்லுதாங்க, நான் அதற்குள் தாரை தப்பட்டைக்குச் சொல்லிவிட்டேன். கேஸைப் பார்க்க வந்திருந்த கீழூர் வாழைக்காரர் மாரிக்கண்ணு, திரும்பும் பஸ்ஸில் உன் அப்பாவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் அப்பளக் கட்டு ஒன்றை இவர் மடியில் வைத்தார்.

ஊரே முங்குதப்போ ஒரு தடவை போனை எடுத்திருக்கலாம்லப்பான்னு நீ அழுதுகொண்டே கேட்டாயாமே, அதற்கு மனுஷன் இன்றுவரை உனக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை அங்கன தனியாகக் கிடந்து வருத்தப்படுமாம். அந்த வரியை உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் தடை உத்தரவு கேட்டார். மனுவைத் தீர விசாரித்து, குடும்ப நலன் கருதி, செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டேன். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

குளிரில் காதை மூடிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. மகராசியாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடுகிறது, எடுப்பார்.

இப்படிக்கு,
ரகசியம் காக்கத் தெரியாத உன் மாமா
தாணுமாலையன்